சக்திமானை இழுத்து வந்த கதை

எங்கள் ஊர் முன்னாள் ராணுவத்தினர் சங்கக் கட்டடத்தின் முன்னால் இப்போது ஒரு பழைய லாரி நிற்கிறது. மூக்கு நீண்ட லாரி. பச்சை வர்ணம் இன்னும் முழுதாக அடிக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் அதன் பெயரைக் கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள். "சக்திமான்" என்றால் அவர்களுக்கு 1997இல் தூர்தர்ஷனில் சுழன்று சுழன்று வந்த கதாநாயகன்தான். அவன் பிறப்பதற்கு ஏறக்குறைய நாற்பது வருடம் முன்பே இந்தச் சக்திமான் பிறந்துவிட்டது என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

இந்த லாரி இங்கே வந்த கதையைச் சொல்கிறேன். அதோடு, இதை இழுத்து வரும் தொழிலுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை இரவு சங்கச் செயலாளர் போன் செய்தார். "சுபேதார் சார், ஜவ்வாது மலை அடிவாரத்துல, போளூர் பக்கம் ஒரு பழைய கல் குவாரியில சக்திமான் ஒண்ணு கெடக்குது. திங்கக்கிழமை காயலான் கடைக்காரன் கேஸ் கட்டரோட வர்றான். நாம காசு கொடுத்து எடுத்துக்கலாம். ஆனா, சேத்துல மாட்டியிருக்கு. நீங்கதானே ரெக்கவரி ஆளு?" என்றார்.

ஆமாம், நான்தான். 1969இல் சேர்ந்து 24 வருடம் ராணுவத்தின் ஈ.எம்.ஈ. பிரிவில் இருந்தேன். என் தொழிலின் பெயர் ரெக்கவரி மெக்கானிக். யாராவது "மிலிட்டரியில என்னவா இருந்தீங்க?" என்று கேட்டால், "லாரி இழுத்தேன்" என்று சொல்வேன். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

முதலில் சக்திமான் பற்றி. சுதந்திரம் வந்தபோது நம் ராணுவத்தில் ஓடியவை பெரும்பாலும் இரண்டாம் உலகப் போரில் மிஞ்சிய லாரிகள். செவர்லே, ஃபோர்டு, டாட்ஜ் வகைகள். உதிரிப் பாகம் கிடைக்காது. ஒன்றைப் பிரித்து இன்னொன்றை ஓட்டுவார்கள். இந்த நிலை மாற, கிருஷ்ண மேனன் பாதுகாப்பு அமைச்சராக இருந்த காலத்தில், 1958இல் ஜெர்மனியின் எம்.ஏ.என். நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஏற்பட்டது. 1959இல் ஜபல்பூர் பீரங்கி வண்டித் தொழிற்சாலையிலிருந்து முதல் சக்திமான்கள் வெளிவந்தன. அதன்பிறகு அதே ஊரில் வாகனங்களுக்கென்றே தனித் தொழிற்சாலை வந்தது. அதே ஜபல்பூரில்தான் நிஸான் ஒரு டன் வண்டியும் ஜோங்கா ஜீப்பும் செய்தார்கள். தொண்ணூறுகளின் நடுவில் சக்திமான் உற்பத்தி நின்றது. நம் எண்ணூர் அசோக் லேலண்டின் ஸ்டாலியன் அந்த இடத்துக்கு வந்தது.

1965, 1971 போர்களில் ஜவான்களையும் ரேஷனையும் குண்டுகளையும் சுமந்தது சக்திமான். அதில் ஏறி உட்காராத ராணுவத்தான் என் தலைமுறையில் கிடையாது. நாலு சக்கரமும் இழுக்கும். மலை ஏறும், மணலில் போகும். ஆனால் சேற்றில் இறங்கினால் அதுவும் மற்ற லாரி மாதிரிதான். அப்போது எங்களைக் கூப்பிடுவார்கள்.

வண்டியை இழுக்கத் தனி வண்டி என்ற யோசனை பழையதல்ல. அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் சட்டனூகா என்று ஓர் ஊர். அங்கே எர்னஸ்ட் ஹோம்ஸ் என்பவர் கார் பட்டறை வைத்திருந்தார். ஓடையில் விழுந்த ஒரு காரை ஆறேழு பேர் கயிறும் கப்பியும் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் மல்லுக்கட்டி மேலே எடுத்தார்கள். இப்படி ஒவ்வொரு முறையும் முடியாது என்று யோசித்த ஹோம்ஸ், 1916இல் தன்னுடைய 1913ஆம் வருட காடிலாக் காரின் பின்புறம் மூன்று கம்பங்களை நிறுத்தி, கப்பியும் சங்கிலியும் மாட்டினார். உலகத்தின் முதல் ரெக்கவரி வண்டி அதுதான் என்று சொல்கிறார்கள். அந்த ஊரில் இதற்கென்று அருங்காட்சியகமே இருக்கிறது.

இருபத்தைந்து வருடம் கழித்து இரண்டாம் உலகப் போரில் அதே ஹோம்ஸ் கம்பெனியின் இரட்டைக் கை கிரேனை டயமண்ட் டி என்ற ஆறு சக்கர லாரியில் பொருத்தி அமெரிக்க ராணுவம் போர்முனைக்கு அனுப்பியது. அதைவிடப் பெரிய வார்டு லாஃபிரான்ஸ் வண்டியும் இருந்தது. பிரிட்டிஷாரிடம் ஸ்காமல் பயனீர். மெதுவாகத்தான் போகும், ஆனால் எதையும் இழுக்கும்.

வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில்தான் தளபதிகளுக்கு ஒரு பாடம் கிடைத்தது. சண்டையில் பழுதான டாங்கிகளை யார் முதலில் இழுத்துக்கொண்டு போய்ப் பழுது பார்க்கிறார்களோ, அவர்களிடம்தான் அடுத்த வாரம் டாங்கி இருக்கும். தொழிற்சாலை ஆயிரம் மைலுக்கு அப்பால் கடலைத் தாண்டி இருக்கிறது. இழுத்து வருவதோ ஒரே இரவு வேலை. இந்தப் படிப்பினைகளோடுதான் 1942 அக்டோபர் 1ஆம் தேதி பிரிட்டிஷ் ராணுவத்தில் ஆர்.இ.எம்.ஈ. என்ற தனிப் படைப்பிரிவு உருவானது. மறு வருடம், 1943இல், நம் ராணுவத்திலும் அதே அடிப்படையில் எங்கள் பிரிவு வந்தது. இன்றும் அக்டோபர் 15ஆம் தேதியை ஈ.எம்.ஈ. தினமாகக் கொண்டாடுகிறோம்.

1965 செப்டம்பரில் பஞ்சாபில் அசல் உத்தர் என்ற இடத்தில் நடந்த டாங்கிச் சண்டையைப் பெரியவர்கள் படித்திருப்பீர்கள். நம்மவர்கள் கரும்பு வயல்களில் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகள் சேற்றில் சிக்கின. ஏறக்குறைய நூறு டாங்கிகள் அழிக்கப்பட்டன அல்லது பிடிபட்டன. பக்கத்தில் அவற்றை நிறுத்தி வைத்த இடத்துக்கே பாட்டன் நகர் என்று பெயர் வந்தது. சண்டையில் வென்றவர்களின் பெயர்கள் புத்தகத்தில் இருக்கின்றன. இருக்கவும் வேண்டும். ஆனால் ஒவ்வொன்றும் 45 டன் கனமுள்ள அந்த டாங்கிகள் வயலிலிருந்து தாமாக நடந்து வந்து வரிசையில் நிற்கவில்லை. யாரோ சிலர் இடுப்பளவு சேற்றில் இறங்கி வடம் மாட்டியிருக்கிறார்கள். நான் செகந்திராபாத் ஈ.எம்.ஈ. மையத்தில் பயிற்சிக்குப் போனபோது எங்களுக்கு அதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள்: வடம் மாட்டுவதையும் அதற்கு முன் போடவேண்டிய கணக்கையும்.

கணக்கு என்றதும் பயப்பட வேண்டாம். மளிகைக் கடைக் கணக்குதான். நல்ல தார் ரோட்டில் ஒரு வண்டியை நகர்த்த அதன் எடையில் 25இல் ஒரு பங்கு இழுவை போதும். புல் தரையில் ஏழில் ஒரு பங்கு. காய்ந்த மணலில் நாலில் ஒரு பங்கு. சக்கரம் புதையும் அளவுக்குச் சேறு என்றால் வண்டியின் முழு எடை அளவு. மட்கார்டு வரை சேறு என்றால் எடையைப் போல் இரண்டு மடங்கு. மேட்டில் ஏற்றினால் ஒவ்வொரு டிகிரி சரிவுக்கும் எடையில் 60இல் ஒரு பங்கு கூட்ட வேண்டும். எல்லாம் கூட்டி, கடைசியில் கால் பங்கு பாதுகாப்புக்குச் சேர்க்க வேண்டும்.

ஒரு உதாரணம். லாரி 6 டன் என்று வையுங்கள். சக்கரம் வரை சேறு, அதற்கு 6 டன். பத்து டிகிரி மேடு, அதற்கு 1 டன். ஆக 7 டன். கால் பங்கு சேர்த்தால் 8.75 டன். கையில் இருப்பது 5 டன் வின்ச் என்றால் நேராக இழுக்கவே கூடாது. சிக்கியிருக்கும் வண்டியில் ஒரு கப்பியை மாட்டி, வடத்தை அதில் சுற்றித் திருப்பிக் கொண்டுவந்து கட்ட வேண்டும். கிணற்றில் கவலை இறைத்தவர்களுக்குக் கப்பியின் அருமை தெரியும். அது தானே நகரும் கப்பியாக இருந்தால் வலு இரட்டிப்பாகும். உராய்வு போக 9 டன் கிடைக்கும். வேகம் பாதியாகும். பொறுமை இருந்தால் போதும்.

திருவாரூர்த் தேர் இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. வடம், முட்டுக்கட்டை, பின்னால் நெம்பும் சன்னக்கட்டை, "நிறுத்து" என்று சொல்ல ஒரே ஒரு குரல். திருச்சி பெல் நிறுவனம் அந்தத் தேருக்கு ஹைட்ராலிக் பிரேக் போட்டுக் கொடுத்த பிறகும் முட்டுக்கட்டைக்காரர்களுக்கு வேலை போகவில்லை. ரெக்கவரியும் அப்படித்தான். இயந்திரம் எவ்வளவு வந்தாலும், கட்டை போடுகிறவன் கவனம் தவறினால் போச்சு.

இனி நான் இதுவரை யாரிடமும் முழுதாகச் சொல்லாத ஒன்று.

1979 ஜூலை. சிக்கிமில் தீஸ்தா ஆற்றை ஒட்டிய மலைச்சாலை. மழை. ஒரு சக்திமான் ரோட்டை விட்டு இறங்கி, பின்பக்கம் பள்ளத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பின்னால் முப்பது வண்டி காத்து நின்றது. நான் அப்போது நாயக். ரெக்கவரிக் குழுவுக்கு நான்தான் பொறுப்பு. என்னோடு கேரளாக்காரர் ஒருவர். என்னைவிட மூன்று வயது பெரியவர். ரேங்கில் எனக்குக் கீழே என்றாலும் நாங்கள் எல்லோரும் அவரைச் சேட்டன் என்றுதான் கூப்பிடுவோம். இருட்டுவதற்குள் ரோட்டைத் திறக்க வேண்டும் என்று அவசரம். கப்பி போட்டால் அரை மணி நேரம் கூட ஆகும். நான் கணக்குப் போட்டேன். நேராக இழுத்தால் வரக்கூடாது என்று கணக்கு சொன்னது. "வரும்" என்று நான் சொன்னேன்.

வடத்தை விரிக்கும்போது ஓரிடத்தில் கம்பிவடம் மடங்கி முறுக்கியிருந்ததைப் பார்த்தேன். எப்போதோ விழுந்த மடிப்பு. அந்த மாதிரி வடத்தைத் தனியே எடுத்து வைக்க வேண்டும் என்பது முதல் வாரப் பாடம். வேறு வடம் வண்டியில் இல்லை. சேட்டன் லாரிக்குப் பக்கத்தில் கட்டை போட நின்றார். வடத்தின் நீளம் எவ்வளவோ அவ்வளவு தூரம் எல்லோரும் விலகி நிற்க வேண்டும் என்பது விதி. நான் அவரை விலகச் சொல்லவில்லை.

வடம் அறுந்தபோது துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம். அறுந்த கம்பிவடம் பாம்பு மாதிரி வராது, அரிவாள் மாதிரி வரும். சேட்டனுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று.

விசாரணை நடந்தது. பழைய வடம், மழை, அவசரம் என்று எழுதினார்கள். மடிப்பைப் பார்த்தேன் என்று நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. சேட்டன் பென்ஷனில் ஊருக்குப் போனார். ஒவ்வொரு வருடமும் ஓணத்துக்குக் கடிதம் போடுவார். இப்போது போன். நானும் பேசுவேன். அந்த நாளைப் பற்றி இரண்டு பேரும் பேசியதில்லை.

இப்போது போளூர் பக்கத்துக் குவாரிக்கு வருகிறேன். சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் போனோம். ராணுவ ஏலத்தில் எடுத்து, கல் சுமந்து, எஞ்சின் போன பிறகு குட்டை ஓரமாகத் தள்ளிவிட்ட வண்டி. மழைக்கு மழை வண்டல் சேர்ந்து பின்சக்கரங்கள் அச்சு வரை புதைந்திருந்தன. கேபினுக்குள் ஒரு வேப்பங்கன்று முளைத்திருந்தது.

நாங்கள் அமர்த்திய ரெக்கவரி வேன் தம்பிக்கு முப்பது வயது இருக்கும். நல்ல வண்டி, ஹைட்ராலிக் கிரேன், வின்ச் எல்லாம் இருந்தது. பார்த்த உடனே, "ஐயா, ஒரே இழுப்பு. பத்து நிமிஷத்துல வெளிய வந்துடும்" என்றார்.

"கப்பி இருக்கா தம்பி?" என்று கேட்டேன்.

சீட்டுக்கு அடியில் தேடினார். பாயையும் சாக்கையும் தள்ளிவிட்டு ஒன்றை வெளியே எடுத்தார். வாங்கிய நாளிலிருந்து உபயோகப்படுத்தவில்லை. ஆனால் நல்ல கப்பி.

முதல் வேலை மண்வெட்டி. இழுவையைக் கூட்டுவதைவிடத் தடையைக் குறைப்பது சுலபம். நான்கு பேர் மூன்று மணி நேரம் சக்கரங்களுக்குப் பின்னால் சரிவாக வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் சவுக்குக் கட்டைகளை அடுக்கினோம். வண்டி எந்த வழியாக உள்ளே போனதோ அந்த வழியாகவே வெளியே எடுப்பதுதான் பெரும்பாலும் நல்லது. அதனால் பின்பக்கமாக இழுப்பது என்று முடிவு. வேனுக்கு நாலு சக்கரத்துக்கும் முட்டுக்கட்டை போட்டு, அதை ஒரு புளிய மரத்தோடு கட்டினோம். மரத்தின் பட்டை உரியாமல் இருக்கச் சாக்குச் சுற்றினோம்.

பிறகு வடத்தை முழுக்க வெளியே எடுக்கச் சொன்னேன். தம்பிக்குச் சலிப்பு. நான் கையுறை போட்டுக்கொண்டு, முனையிலிருந்து முனை வரை விரலால் தடவிப் பார்த்தேன். மடிப்பு இல்லை, பிரிந்த கம்பி இல்லை. அதன் பிறகுதான் கப்பியில் சுற்றினோம். வடத்தின் நடுவில் நனைந்த கனமான சாக்குகளைப் போட்டோம். அறுந்தாலும் அந்தக் கனம் அதைக் கீழே அமுக்கும்.

அதற்குள் ஊரே கூடிவிட்டது. பையன்கள் கையில் போன். இரண்டு பேர் வடம் கப்பியில் திரும்பும் வளைவுக்கு உள்பக்கமாகவே நின்றுகொண்டு படம் எடுத்தார்கள். அதுதான் இருக்கிற இடத்திலேயே மோசமான இடம். நான் விலகச் சொன்னேன். சிரித்தார்கள். "தாத்தா, ஜூம் சரியா வரல" என்றான் ஒருவன். எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்தது என்று தெரியவில்லை. பரேட் மைதானத்தில்கூட அப்படிக் கத்தியதில்லை. கை நடுங்கியது. கூட்டம் முழுக்க புளிய மரத்துக்கு அந்தப்பக்கம் போனது. செயலாளர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பரவாயில்லை.

கை காட்டினேன். வடம் விறைத்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் அசையவில்லை. பிறகு சேறு, சோற்றுப் பானையில் கரண்டி இழுத்த மாதிரி ஒரு சத்தம் போட்டது. லாரி ஒரு சாண் நகர்ந்தது. நிறுத்தி, கட்டை போட்டு, வடத்தைப் பார்த்து, மறுபடி இழுத்தோம். கெட்டித் தரைக்கு வர நாற்பது நிமிடம். வடம் அறுந்து போகவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கூட்டத்துக்குக்கூடக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

வெளியே எடுப்பது பாதி வேலை, கொண்டுபோய்ச் சேர்ப்பது மீதி. இடது பின்சக்கரம் சுழலவே இல்லை. பிரேக் கட்டைகள் துருப்பிடித்து டிரம்மோடு ஒட்டியிருந்தன. அட்ஜஸ்டரைத் தளர்த்தி, சுத்தியலால் தட்டித் தட்டி விடுவித்தோம். தெரிந்த டயர் கடைக்காரர் பழைய டயர்கள் கொடுத்தார். முன்பக்கத்தைக் கிரேனில் தூக்கி இழுக்கப் போவதால் பின் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றினேன். கழற்றாமல் இழுத்தால் சக்கரம் சுற்றும்போது கியர்பாக்ஸின் ஒரு பகுதி மட்டும் எண்ணெய் ஏறாமல் சுற்றி வெந்துபோகும். "செத்த வண்டிக்கு எதுக்கு ஐயா இதெல்லாம்?" என்றார் தம்பி. செத்த வண்டி என்று யார் சொன்னது என்றேன்.

பின்னால் "ஆன் டோ" என்று எழுதிய பலகையும் சிவப்புத் துணியும் கட்டினோம். 26 கிலோமீட்டர். இரண்டரை மணி நேரம். வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தியபோது, வயதான ஒருவர் எழுந்து வந்து பானட்டைத் தடவிப் பார்த்தார். "எழுபத்தொண்ணுல இதுலதான் போனேன்" என்றார். எந்த முனை என்று கேட்பதற்குள் பஸ் வந்து ஏறிப் போய்விட்டார். டீக்குக் காசு கொடுக்கப் போனால், அவரே எல்லோருக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டார் என்றார் கடைக்காரர்.

அன்று இரவு சேட்டனுக்குப் போன் செய்தேன். லாரியைப் பற்றிச் சொன்னேன். பிறகு, நாற்பத்தைந்து வருடம் கழித்து, மடிப்பைப் பற்றியும் சொன்னேன். பார்த்தேன், ஆனாலும் இழுக்கச் சொன்னேன் என்றேன். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமில்லை. போன் துண்டித்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"தம்பீ, வடத்தை விரிச்சது நான்தானே. நானும் கண்டதாக்கும்" என்றார்.

வேறொன்றும் சொல்லவில்லை. காலில் இப்போது வலி எப்படி என்று கேட்டேன். மழைக்கு மட்டும் வலிக்கும் என்றார். அவருக்குத் தெரிந்திருந்தது என்பதால் என் பங்கு குறைந்துவிடாது. பொறுப்பில் இருந்தவன் நான். ஆனால் அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

லாரிக்கு முன்னால் பெயர்ப்பலகை வைக்கப் போகிறார்கள். எந்தெந்தப் போர் என்று எழுத வேண்டும் என்று கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நான் அங்கேதான் துரு சுரண்டிக்கொண்டிருப்பேன். பேரப்பிள்ளைகளை அழைத்து வாருங்கள். கேபினில் ஏறி உட்காரலாம். அந்த வேப்பங்கன்றைப் பெயர்த்துக் கட்டடத்துக்குப் பக்கத்தில் நட்டிருக்கிறோம். துளிர் விட்டிருக்கிறது.